விரிசல் விட்ட சுவரையும் கட்சிக் கண்ணோடு பார்த்தால்

கேள்வி: கோத்தகிரி வட்டத்தில் ஒரு சிறிய ஊரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். மழைக்காலத்துச் சாலை நிலவரம், காட்டெருமை, கரடி நடமாட்டம், மின்தடை போன்றவற்றை ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்வதற்காக எங்கள் ஊரையும் சுற்றியுள்ள குடியிருப்புகளையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். இப்போது அதில் 200 பேருக்கு மேல் இருக்கிறார்கள். சட்டமன்றத் தேர்தல் பேச்சு தொடங்கியதிலிருந்து குழு கட்சிச் சண்டைக் களமாகிவிட்டது. என் அக்கா மகன் ஒரு கூட்டணி. என் கொழுந்தனார் எதிர்க் கூட்டணி. ஐப்பசி மழையின்போது ஒரு நாள் மாலை, சாலை வளைவில் தடுப்புச்சுவர் விரிசல் விட்டிருப்பதை அக்கா மகன் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டான். "பழைய போட்டோவைப் போட்டு அரசாங்கத்தின் பெயரைக் கெடுக்கிற வேலை" என்று கொழுந்தனார் எழுத, அவருடைய கட்சிக்காரர்கள் வரிசையாகக் கைதட்டும் படம் போட்டார்கள். விடிவதற்குள் சுவர் சரிந்துவிட்டது. பால் வண்டி மயிரிழையில் தப்பியது. அதன்பிறகு அக்கா மகன், "ஓட்டுக்குப் பணம் வாங்கிப் பழகிய குடும்பத்துக்கு உண்மை எப்படித் தெரியும்" என்று எழுதிவிட்டான். இத்தனை ஆண்டுகளாக அவனுடைய பிக்அப் வண்டியில்தான் கொழுந்தனார் வீட்டுப் பச்சைத் தேயிலை ஃபேக்டரிக்குப் போனது. இப்போது அவர் வேறு வண்டிக்குக் கொடுக்கிறார். நான் ஒரு பதிவை நீக்கினால் உடனே ஒரு தரப்பு என்னையும் கட்சிக்காரி என்கிறது. குழுவைக் கலைத்துவிடலாமா? அரசியலே பேசக் கூடாது என்று தடை போடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நீலகிரி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, குழுவைக் கலைக்க வேண்டாம், அரசியல் பேச்சுக்குத் தடையும் போட வேண்டாம். ஆனால், இன்றிருக்கும் நிலையில் அந்தக் குழுவை ஒரு நாள்கூட அப்படியே விட்டுவைக்கவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் தடுப்புச்சுவர் பற்றிய வரிகளைத் தாண்டிப் போக என் மனம் ஒப்பவில்லை. உறவினர் இருவர் பேசிக்கொள்ளாமல் போவது வருத்தத்துக்குரியது. ஊரில் அது தேர்தல் இல்லாத காலத்திலும் நடக்கிறது, பிறகு ஒரு கல்யாணத்திலோ சாவிலோ சரியாகியும் விடுகிறது. ஒருவர் தன் கண்ணால் கண்டு சொன்ன ஆபத்தை, சொன்னவரின் கட்சியைப் பார்த்துப் பொய் என்று ஊரே தள்ளிவிட்டதுதான் அச்சம் தருகிறது. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பகுதிகளில் அடுத்தடுத்து நிகழ்ந்த நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நீங்கள் நேரில் கண்டிருப்பீர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதும் நினைவிருக்கும். அத்தகைய மலையில், இரவில் மண் சரிகிறது என்று முதலில் பார்ப்பவர் எந்தக் கட்சிக்காரராகவும் இருக்கலாம். அவர் சொன்னதும் மற்றவர்கள் வண்டியை நிறுத்த வேண்டும். அந்த நம்பிக்கையைத்தான் முதலில் மீட்க வேண்டும். ஆகவே உங்கள் இரண்டு கேள்விகளுக்கு முன்னால், நீங்கள் கேட்காத இதற்கு வழி சொல்லிவிடுகிறேன்.

மழை, சாலை, வனவிலங்கு, மின்சாரம் ஆகியவற்றுக்கு மட்டும் தனியாக ஒரு புதிய குழுவைத் தொடங்கி, அட்மின்கள் மட்டுமே பதிவிட முடியும் என்ற அமைப்பை அதில் வைத்துவிடுங்கள். குடியிருப்புக்கு ஒருவர் என்ற கணக்கில் ஐந்தாறு பேரை அட்மின்களாக்குங்கள். அவர்களில் உங்கள் அக்கா மகனும் கொழுந்தனாரும் கட்டாயம் இருக்கட்டும். சண்டையிட்ட இருவரையும் ஒரே பொறுப்பில் உட்கார வைப்பதா என்று தயங்காதீர்கள். எச்சரிக்கை தன் பெயரிலும் வெளியாகும் என்ற பொறுப்பு வந்துவிட்டால், அடுத்தவர் போடும் எச்சரிக்கையை ஏளனம் செய்வதற்கு முன் எவரும் ஒரு முறை யோசிப்பார். எந்த இடம், எத்தனை மணி, யார் நேரில் பார்த்தார் என்ற மூன்றும் இல்லாத போட்டோவை எவர் அனுப்பினாலும் போடக் கூடாது. மூன்றும் இருந்தால் எவர் அனுப்பினாலும் உடனே போட வேண்டும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்கும் அப்போதே சொல்லிவிட வேண்டும். பழைய போட்டோ என்று சந்தேகம் எழுந்தால், சந்தேகப்படுபவர் டார்ச் எடுத்துக்கொண்டு வளைவு வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதட்டும்.

இனி, அரசியலைத் தடைசெய்யலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். தேர்தல் நெருங்கும் நேரத்தில் குடியிருப்போர் குழுக்களில் இப்படித் தடை போடுவது வழக்கமாகி வருகிறது. அதில் நல்லெண்ணம் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், தேயிலை விவசாயிகள் வாழும் ஓர் ஊரில் அரசியல் பேசாமல் எதைப் பேசுவது? பசுந்தேயிலைக்கு மாதந்தோறும் சராசரி விலையை அறிவிக்கும் தேயிலை வாரியம் மத்திய அரசின் வணிக அமைச்சகத்தின் கீழ் உள்ளது. சிறு விவசாயிகளின் இலையை வாங்கும் இன்ட்கோ கூட்டுறவுத் தொழிற்சாலைகளை வழிநடத்தும் இன்ட்கோசர்வ் மாநில அரசின் பொறுப்பில் உள்ளது. இவ்விரண்டுக்கும் மேலாகக் குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறது என்பது இருக்கிறது. கிலோவுக்குக் கைக்கு வருவது ஏன் இவ்வளவுதான் என்று ஒரு விவசாயி கேட்டால், அதற்கு நேர்மையான பதில் உங்கள் அக்கா மகனின் கட்சியையும் கொழுந்தனாரின் கட்சியையும் ஒருசேரக் கேள்வி கேட்பதாகத்தான் இருக்கும். இந்தப் பேச்சு நின்றுபோனால் ஆட்சியில் இருப்பவர்களுக்குத்தான் வசதி. பொதுவான இடத்தில் தடை விழுந்ததும், ஆளுக்கொரு கட்சிக் குழுவுக்குள் போய், மறுப்புச் சொல்ல ஆளில்லாத இடத்தில் இன்னும் கடுமையாகப் பேசப் பழகிவிடுவார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பேச்சு ஏன் இவ்வளவு விரைவாகப் பகையாகிவிடுகிறது என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். டீக்கடையில் உங்கள் கொழுந்தனாரும் அக்கா மகனும் வாக்குவாதம் செய்தால், ஒருவர் முகம் வாடியதும் மற்றவர் பேச்சை மாற்றிவிடுவார். கடைக்காரரும் இடையில் ஏதாவது சொல்லித் தணித்துவிடுவார். குழுவிலோ, 200 பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எவராலும் பின்வாங்க முடிவதில்லை. கைதட்டும் படங்கள் வந்து விழ விழ, எதிரில் இருப்பவர் தன் சித்தியின் கொழுந்தனார் என்பதே மறந்துபோகிறது. மேலும், இவர்கள் ஒருவர்மீது ஒருவர் எறிந்துகொள்ளும் சொற்களில் பெரும்பகுதி இவர்களுடையதும் அல்ல. கட்சிகளின் ஐடி விங் எங்கோ உட்கார்ந்து தயாரித்த படங்களும் வசனங்களும் அவை. கோத்தகிரிக்கும் கும்பகோணத்துக்கும் ஒரே சரக்குதான் வருகிறது. இலை விலையைப் பற்றியோ மருத்துவமனைக்குப் போகும் கடைசிப் பேருந்தைப் பற்றியோ அதில் ஒரு வரி இருக்காது.

இ-பாஸ் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது 2024 மே 7 முதல், சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவின்பேரில். நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த உச்சவரம்பும் அதே நீதிமன்றம் விதித்ததுதான். அந்த உத்தரவை அரசு செயல்படுத்திய விதத்தில் குறை இருக்கலாம். அதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடலாம். ஆனால், "உன் கட்சி கொண்டுவந்த இ-பாஸால் வியாபாரம் போச்சு" என்று ஒருவரும், "உன் கட்சி ஆட்கள்தான் கேட்டு வாங்கினார்கள்" என்று மற்றவரும் ஃபார்வர்ட் படங்களை எறிந்துகொண்டால், இருவருமே நடக்காத ஒன்றுக்காக உறவை முறித்துக்கொள்கிறார்கள்.

ஆகவே உங்கள் பழைய குழுவில், சொந்தக் கருத்தைச் சொந்த வார்த்தையில் எழுதுவோருக்கு முழு உரிமை கொடுங்கள். ஃபார்வர்டுகளிடம் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பலமுறை கைமாறிய செய்தியில் இரட்டை அம்புக்குறி தெரியும். வதந்தியால் உயிர்கள் பலியானதைத் தொடர்ந்து 2018-இல் இந்தியாவில் ஃபார்வர்ட் செய்வதை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு என்று வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. பலமுறை பரவிய செய்தியை 2020 முதல் ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்ப முடிகிறது. அந்த நிறுவனமே அவ்வளவு எச்சரிக்கையாக இருக்கும் பொருளை, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் உங்கள் ஊருக்குள் விட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அட்மின் என்ற முறையில் எவருடைய பதிவையும் எல்லோருக்கும் நீக்க உங்களால் முடியும். நீக்கும்போது, எந்த விதியின்படி நீக்கினீர்கள் என்பதை ஒரு வரியில் குழுவிலேயே எழுதிவிடுங்கள். உங்கள் சொந்தச் சாய்வு எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பக்கத்துப் பதிவை முதலில் நீக்குங்கள். கட்சிக்காரி என்ற பழிக்கு இதைவிடச் சிறந்த பதிலை என்னால் சொல்ல முடியவில்லை. பிறர் போட்ட பதிவுக்காகத் தன்மேல் வழக்கு வருமோ என்ற பயம் அட்மின்கள் பலருக்கு உண்டு. ஓர் உறுப்பினர் போட்ட பதிவுக்கு அட்மின் என்ற ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

விதிகளை நீங்கள் புதிதாக உருவாக்கவும் வேண்டியதில்லை. 1960-ஆம் ஆண்டு கேரள சட்டமன்றத் தேர்தலின்போது உருவாகி, இன்று தேர்தல் ஆணையம் நடைமுறைப்படுத்தும் தேர்தல் நடத்தை விதிகள் இருக்கின்றன. எதிர்க்கட்சியை விமர்சிக்கலாம், ஆனால் அது அதன் கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு ஆகியவற்றோடு நிற்க வேண்டும். பொதுவாழ்வுக்குத் தொடர்பில்லாத தனிப்பட்ட வாழ்க்கையைத் தொடக் கூடாது. சரிபார்க்காத குற்றச்சாட்டைக் கூறக் கூடாது. சாதி, மத உணர்வைக் காட்டி வாக்குக் கேட்கக் கூடாது என்று அவை சொல்கின்றன. கட்சிகளுக்கும் வேட்பாளர்களுக்கும் எழுதப்பட்ட விதிகள்தாம் என்றாலும், அந்த நான்கையும் அப்படியே குழுவின் முகப்பில் எழுதி வைத்தால், எந்தக் கட்சிக்காரரும் தன் கட்சியே ஏற்றுக்கொண்ட விதியை எதிர்த்துப் பேச முடியாது.

இவற்றில் சாதி, மதம் பற்றிய விதியில் எந்தச் சலுகையும் காட்டாதீர்கள். உங்கள் மலையில் படுகர், பழங்குடியினர், 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரின் குடும்பங்கள், சமவெளியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்து குடியேறியவர்கள் என்று பலரும் அடுத்தடுத்த வீட்டில் வாழ்கிறார்கள். கட்சியில் தொடங்கும் சண்டை, "நேற்று வந்தவர்களுக்கு இங்கே என்ன பேச்சு" என்பதில் போய் நிற்க அதிக நேரம் ஆவதில்லை. தேர்தலையொட்டி மதம், இனம், சாதி, சமூகம், மொழி ஆகியவற்றின் பேரால் பகையைத் தூண்டுவது, 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125-வது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அப்படி ஒரு வரி வந்தால், விளக்கம் கேட்டுக்கொண்டிராமல் நீக்கிவிட்டு, எழுதியவருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

இனி உங்கள் வீட்டார் இருவரைப் பற்றி. இவர்களிடம் குழுவில் ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம், நேரில் போங்கள். முதலில் அக்கா மகனிடம் போங்கள். சித்தி என்ற உரிமையில் அவனைக் கண்டிக்க உங்களால் முடியும். சுவர் விஷயத்தில் அவன் சொன்னதே உண்மை என்பதையும், அவனை நம்பாமல் போனதற்கு ஊரே வெட்கப்பட வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த வலியைத் தொடாமல் அறிவுரை சொன்னால் அவன் காதில் ஏறாது. அதன்பிறகு, ஓட்டுக்குப் பணம் வாங்கிய குடும்பம் என்று எழுதியதற்கு அவனிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று கேளுங்கள். பணம் கொடுத்ததையோ வாங்கியதையோ அவன் கண்ணால் பார்த்தால், தேர்தல் அறிவித்தபின் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படம் எடுத்து அனுப்பட்டும். 100 நிமிடங்களுக்குள் நடவடிக்கை எடுப்பதாக ஆணையம் உறுதியளித்துள்ள ஏற்பாடு அது. ஆதாரம் இல்லையென்றால், 200 பேர் முன்னால் சொன்ன சொல்லை அந்த 200 பேர் முன்னால்தான் திரும்பப் பெற வேண்டும். தனியாகப் போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டால் போதாது, ஏனென்றால் அவமானம் தனியாக நடக்கவில்லை.

கொழுந்தனாருக்கு நீங்கள் அண்ணி. அந்த மரியாதை உங்களுக்கு உதவும். அவர் எழுதியதில் வசைச்சொல் இல்லை என்பதால் தன்மேல் தவறே இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். என் பார்வையில் பெரிய தவறு அவருடையதுதான்: அக்கா மகனின் சொல் ஒரு குடும்பத்தைப் புண்படுத்தியது, அவருடைய சொல் ஒரு வண்டியோட்டியின் உயிரைப் பணயம் வைத்தது. "அன்று நீ சொன்னதை நான் நம்பியிருக்க வேண்டும்" என்ற ஒரே வரியை அவர் குழுவில் எழுதினால் போதும். கட்சியை அவர் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை, அரசைக் குறை சொல்லவும் வேண்டியதில்லை. இருவரில் யார் முதலில் எழுதுவது என்ற போட்டி வந்தால், வயதில் மூத்தவர் முதலில் எழுதுவதே அழகு என்று அவரிடம் துணிந்து சொல்லுங்கள். இலை வண்டியைப் பற்றி மட்டும் இப்போது எதுவும் பேசாதீர்கள். அதை வைத்துச் சமாதானம் பேசினால், பணத்துக்காக இறங்கி வந்தார் என்ற பேச்சு கிளம்பும்.

குழுவில் ஒருபோதும் எழுதாமல் படித்துக்கொண்டு மட்டும் இருப்பவர்களையும் மறக்காதீர்கள். சண்டையிடுபவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள், குறிப்பாகப் பெண்கள், வாய் திறந்தால் எந்த முத்திரை விழுமோ என்று அஞ்சி ஒதுங்கியிருப்பார்கள். யாருக்கு வாக்களித்தாய் என்று கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதையும், வாக்கின் ரகசியத்தைச் சட்டமே காப்பாற்றுகிறது என்பதையும் விதிகளோடு சேர்த்து எழுதி வையுங்கள். அங்கன்வாடி, குடிநீர், ரேஷன் கடை என்று ஏதாவது ஒன்றை நீங்களே எடுத்து, தொகுதி வேட்பாளர்களிடம் என்ன கேட்கலாம் என்று அவர்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரத்துக்குச் சட்டப்படி தடை உண்டு. அந்த இரண்டு நாள்களும் குழுவில் கட்சிப் பேச்சை நிறுத்தி வைப்பதற்கு யாரும் ஆட்சேபம் சொல்ல மாட்டார்கள். அதைவிட மோசமானது வாக்கு எண்ணும் நாள். வென்றவர் பட்டாசுப் படம் போடுவதும் தோற்றவரைக் கேலி செய்வதும் அன்றுதான் எல்லை மீறும். ஐந்தாண்டுக்கு மறக்காத சொற்கள் அன்றுதான் வந்து விழும். எண்ணிக்கை தொடங்கும் காலை முதல் அட்மின் மட்டுமே பதிவிடலாம் என்று மாற்றிவிட்டு, அதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். மறுநாள் காலை திறந்துவிட்டு, அந்த மாதத்துப் பசுந்தேயிலை விலையை முதல் பதிவாக நீங்களே போட்டு, புதிய சட்டமன்ற உறுப்பினரிடம் அதுபற்றிக் கொடுக்க வேண்டிய மனுவில் யார் யார் கையெழுத்திடுகிறீர்கள் என்று கேளுங்கள்.