கடலோரத்தில் கொட்டும் மணலை அலை அடித்துக்கொண்டு போகாதா?

நெதர்லாந்தில் கரையைக் காக்க மணல் கொட்டுகிறார்களே, அது நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்காது, நிற்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கவும் இல்லை.

1953 வெள்ளத்தில் 1,800 பேருக்கு மேல் பலிகொடுத்த நாடு அது. 1990இல் கரைக்கோடு இதற்கு மேல் பின்வாங்க விடுவதில்லை என்று அரசு முடிவெடுத்தது, அதிலிருந்து அரிக்கும் இடங்களில் சில வருடங்களுக்கு ஒருமுறை மணல் கொட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அடியில் வாழும் புழுக்களும் சிப்பிகளும் புதைந்துபோகும், அவை முழுதாக மீள்வதற்குள் அடுத்த சுற்று வந்துவிடலாம்.

அப்புறம்தான் 2011இல் ஹேக் நகரத்துக்குத் தெற்கே 'சான்ட் மோட்டார்' என்ற திட்டம் வந்தது. கடலடியிலிருந்து கப்பல்கள் உறிஞ்சிவந்த 2.15 கோடி கன மீட்டர் மணலைக் கொக்கி வடிவத்தில் ஒரே இடத்தில் குவித்துவிட்டு, சுமார் 20 வருடத்துக்கு அலையும் நீரோட்டமும் காற்றும் அதைக் கரைநெடுகப் பரப்பட்டும் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது, கடலோடு மல்லுக்கட்டாமல் அதையே வேலைக்கு வைக்கிறது. அங்கே குனிந்து தேடியபடி நடப்பவர்களுக்கு மாமூத் என்ற, அழிந்துபோன ரோம யானையின் எலும்புத்துண்டுகள் கிடைக்கின்றன, ஏனென்றால் பனியுகத்தில் அந்தக் கடலடி நீரில்லாத நிலமாக இருந்தது.

குறையும் உண்டு. காற்று தூக்கிவந்த மணலில் பெரும்பங்கை அந்தக் குவியலில் இருந்த குட்டையும் காயலும் பிடித்துக்கொண்டதால் மணல்மேடுகள் எதிர்பார்த்த வேகத்தில் வளரவில்லை. இங்கிலாந்தின் நார்ஃபோக் கரையில் பாக்டன் எரிவாயு முனையத்தைக் காக்க 2019இல் இதே முறையில் 18 லட்சம் கன மீட்டர் கொட்டினார்கள். ஆனால் பக்கத்திலேயே ஆழம் குறைந்த, மணல் நிறைந்த கடல் இருந்தால்தான் இதெல்லாம் கட்டுப்படியாகும்.