எண் மாறியது ஏன்?

கேள்வி: வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க எங்கள் இணைப்பின் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண்ணைக் குறித்துவைத்திருந்தேன். மூன்று மாதம் நன்றாக வேலை செய்தது. போன வாரம் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. அதன்பின் அந்த எண்ணில் கேமரா கிடைக்கவில்லை. நிலையான முகவரி வாங்கச் சொல்கிறது இணைய நிறுவனம். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்களிடம் இருந்தது குத்தகை எண். ரவுட்டர் இயங்கத் தொடங்கியதும் நிறுவனத்தின் சர்வரிடம் முகவரி கேட்கும். சர்வர் தன் கையிருப்பிலிருந்து ஒன்றை எடுத்து, இத்தனை மணி நேரத்துக்கு என்று கெடு வைத்துத் தரும். இந்த ஏற்பாட்டுக்கு டிஹெச்சிபி என்று பெயர். வழக்கமாகக் கெடுவில் பாதி கழிந்ததும் ரவுட்டர் தானே குத்தகையைப் புதுப்பித்துக்கொள்ளும். 24 மணி நேரக் குத்தகை என்றால் 12 மணி நேரத்தில். அதனால்தான் ஒரே எண் மாதக்கணக்கில் நீடித்தது. அந்த இரண்டு நாளும் புதுப்பிக்க ஆள் இல்லை. கெடு முடிந்து, எண் கையிருப்புக்குத் திரும்பிவிட்டது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ இணைப்பாக இருந்தால், ஐந்து நிமிட மின்தடைகூட எண்ணை மாற்றிவிடலாம்.

இதற்கு டைனமிக் டிஎன்எஸ் என்ற சேவை போதும். அது ஒரு பெயரை உங்கள் அப்போதைய எண்ணோடு இணைத்து வைக்கும். எண் மாறும்போதெல்லாம் ரவுட்டரே அந்தச் சேவைக்குத் தெரிவித்துவிடும். நீங்கள் ஒரு பெயரை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பழைய எண்ணில் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். அது இப்போது வேறொருவர் வீட்டு எண்ணாக இருக்கலாம். உங்கள் சாவியை அந்நியர் வாசலில் நீட்டுகிறீர்கள். ஏற்கெனவே முயன்றிருந்தால், இன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

கேள்வி: டைனமிக் டிஎன்எஸ் அமைத்தேன், ரவுட்டரில் போர்ட்டும் (வெளியிலிருந்து கேமராவுக்கு வரும் வழி) திறந்தேன். பயனில்லை. ரவுட்டர் பக்கத்தில் 100.72 என்று தொடங்கும் எண் இருக்கிறது. நம் ஐபி முகவரியைக் காட்டும் இணையதளத்தில் பார்த்தால் வேறு எண் காட்டுகிறது. எது உண்மை?

பதில்: இரண்டும் உண்மை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பழைய கோபம் திரும்பியது. அப்பா தனியாக இருந்த வீட்டுக் கேமராவுக்காக நானும் மூன்று இரவுகள் இப்படித்தான் போராடினேன். உதவி மையத்தில் ஒவ்வொரு முறையும் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். அந்த 100-ஐ ஒருவரும் கேட்கவில்லை.

100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள் இணைய நிறுவனங்களின் உள்வலைக்கென்று 2012-இல் ஒதுக்கப்பட்டவை. பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே ஏறத்தாழ 429 கோடி எண்கள்தாம். 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்துபோனது. ஆகவே நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் வைக்கின்றன. இணையதளம் காட்டுவது அந்தப் பொது எண். நீங்கள் வெளியே போகலாம். வெளியிலிருந்து வருகிற அழைப்பு எந்த வீட்டுக்கு என்று அந்த வாசலுக்குத் தெரியாது. நீங்கள் திறந்த போர்ட் உங்கள் வீட்டுக் கதவு. தெருக்கதவு நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

எனவே நிறுவனத்திடம் "பொது ஐபி வேண்டும், மாறினாலும் பரவாயில்லை" என்று இதே சொற்களில் கேளுங்கள். நிலையானது வேறு, பொதுவானது வேறு. உங்களுக்குத் தேவை இரண்டாவது. தனியாகத் தர மறுத்தால் மட்டும் நிலையான முகவரிக்குப் பணம் கட்டுங்கள், ஆனால் அது பொது எண்தானா என்று கேட்டுக்கொண்டு. கொடுத்தபின் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால் உங்கள் டைனமிக் டிஎன்எஸ் அப்போதே வேலை செய்யத் தொடங்கும்.