நகை பீரோவிலேயே இருக்கட்டும்

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. ஈரோட்டில் பி.காம். முதலாம் ஆண்டு படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே ஓயாமல் படம் வரைவாள், ஆனால் முறையாக எங்கும் கற்றதில்லை. லண்டனில் ஸ்லேட் என்ற ஓவியக் கல்லூரியில் வெளியாட்களுக்கும் கோடைக்காலக் குறுகிய வகுப்புகள் நடத்துகிறார்களாம். இரண்டு வாரம் போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். கட்டணம், விமான டிக்கெட், விசா, தங்குமிடம் எல்லாம் கூட்டிப் பார்த்தால் 4 லட்சம் ரூபாய் வருகிறது. அவள் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம். அங்கே மாடல்கள் உடையில்லாமல் நிற்பார்கள் என்று வேறு கேள்விப்பட்டதால் அவள் அப்பா தயங்குகிறார். அனுப்பலாமா?
— ஒரு தாய், ஈரோடு

பதில்:

அன்புச் சகோதரி,

அனுப்புங்கள். ஆனால் இந்த வருடம் வேண்டாம். நகையை அடகு வைத்தும் வேண்டாம்.

இப்படி ஒரு வகுப்புக்கு நானும் போயிருக்கிறேன். அப்போது எனக்கு 29 வயது. கையில் ஓவியப் பட்டம் இருந்தது, பள்ளியில் ஆறு வருடம் டிராயிங் டீச்சராக வேலை பார்த்த அனுபவமும் இருந்தது. லண்டனில் ஒரு கல்லூரியில் மூன்று வாரம். முதல் நாள் காலை, அறை நடுவே மேடையில் மாடல் நின்றார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் நிலையை மாற்றிக்கொண்டே இருந்தார். நான் பென்சிலை எழுதுகிற மாதிரி பிடித்துக்கொண்டு கண்ணிலிருந்து ஆரம்பித்தேன். மூக்குக்கு வருவதற்குள் அவர் வேறு பக்கம் திரும்பிவிட்டார். அடுத்த தாளிலும் கண், அதற்கடுத்த தாளிலும் கண். பதினைந்து தாள் தீர்ந்தபோது என்னிடம் பதினைந்து கண்கள் இருந்தன, ஒரு மனிதர்கூட இல்லை.

ஆசிரியை வந்து பார்த்தார். பென்சிலை வாங்கி வைத்துவிட்டு ஒரு கரித்துண்டைக் கொடுத்தார். “எடை எந்தக் காலில் இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார். பார்த்தேன். இடது காலில். அந்தப் பாதத்திலிருந்து ஆரம்பித்து, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை வீசி ஒரே கோடாக மேலே கொண்டு போகச் சொன்னார். தாளில் முதல் தடவையாக ஓர் ஆள் நின்றார். அன்று மாலை விரல் இடுக்கெல்லாம் கரியோடு அறைக்கு நடந்து வந்ததை இன்றைக்கும் மறக்கவில்லை.

மூன்று வாரத்தில் நான் கொண்டுவந்தது அந்த ஒரு கேள்வியைத்தான். அந்தக் காசுக்கு அது போதும் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஆயிரக்கணக்கில் தப்பும் தவறுமாக வரைந்து தள்ளியிருந்ததால்தான் அந்தக் கேள்வி எனக்குள் இறங்கியது. எனக்குப் பக்கத்தில் நின்ற பையனுக்கு என்னைவிட நல்ல கண். ஆனால் கரித்துண்டைத் தொட்டே பழக்கமில்லை. தாள் அழுக்காகிறதே என்ற பயம் போவதற்கே அவனுக்கு முதல் வாரம் போய்விட்டது. உங்கள் மகளுக்கு இருப்பதே இரண்டு வாரம்தான்.

கே.ஜி. சுப்பிரமணியன் என்ற ஓவியரின் பெயரை உங்கள் மகள் அறிந்திருக்கலாம். அவரும் முதலில் ஓவியம் படித்தவர் அல்ல. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை போனார். பிறகு 1944இல் சாந்திநிகேதனில் சேர்ந்து, நந்தலால் போஸ், பினோத் பிகாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் ஆகிய கலைஞர்களிடம் கற்றார். பரோடாவில் ஆசிரியரானார். அதற்கப்புறம்தான், 1950களின் நடுவில், உங்கள் மகள் சொல்லும் அதே ஸ்லேட் பள்ளிக்குப் போனார். கை பழுத்த பிறகு போனார். திரும்பி வந்து சுடுமண், பொம்மை, சுவரோவியம், கண்ணாடி ஓவியம் என்று தொடாத பொருள் இல்லை. வணிகவியல் படிக்கிறவளுக்கு ஓவியம் எதற்கு என்று யாராவது கேட்டால் அவர் கதையைச் சொல்லுங்கள்.

இப்போது பண விஷயம். இரண்டு வாரப் படிப்புக்கு மாணவர் விசா தேவையில்லை. ஆறு மாதம் வரை செல்லும் பார்வையாளர் விசாவிலேயே, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் குறுகிய படிப்புப் படிக்கலாம். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். மறுத்துவிட்டால் விசாக் கட்டணம் திரும்பி வராது. செலவுக்கு ஏது பணம் என்று வங்கிக் கணக்கைப் பார்ப்பார்கள். மாதாமாதம் சம்பளமும் சேமிப்பும் தெரிகிற கணக்கில் போன வாரம் திடீரென்று 4 லட்சம் விழுந்திருந்தால், இது எங்கிருந்து வந்தது என்று சந்தேகம்தான் வரும். நகையை வைத்து அவசரமாகப் பணம் போடுவது வட்டிக்கு மட்டுமல்ல, விசாவுக்கும் கேடு. ஒரு வருடம் சிறுகச் சிறுகச் சேருங்கள். குறைகிற தொகையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட் போன்ற அறக்கட்டளைகள் பிரிட்டனில் கற்க இந்தியக் கலைஞர்களுக்கு உதவுகின்றன. அவை கேட்பது செய்து முடித்த வேலையை. அவளிடம் அது இன்னும் இல்லை. இருக்கும் நாளும் வரும்.

இன்னொன்று, அவர்களுடைய கோடை நமக்கு ஆனியும் ஆடியும். இங்கே கல்லூரி திறந்திருக்கும். முதல்வரிடம் விடுப்புக் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தத் தேதியில் திரும்பி வந்து படிப்பைத் தொடர்வாள் என்று அதில் இருந்தால் விசாவுக்கும் அதுவே துணை.

அவள் அப்பாவின் தயக்கம் எனக்குப் புரிகிறது. என் அப்பாவும் தயங்கினார். ஆமாம், உடையில்லாமல்தான் நிற்பார்கள். தடுப்புக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு, அங்கி போர்த்தி வந்து மேடையில் நிற்பார்கள். இடைவேளையில் மறுபடி அங்கி. யாரும் போட்டோ எடுக்கக் கூடாது, யாரும் தொடக் கூடாது. ஐந்து நிமிடத்தில் கண்ணுக்குத் தெரிவது தோள்பட்டையின் சாய்வும் இடுப்பெலும்பின் திருப்பமும் மட்டும்தான். மருத்துவம் படிக்கிற பெண்ணுக்கு உடற்கூறு எப்படியோ அப்படி. ஸ்லேட் பள்ளி 1871இல் திறந்தபோதே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவளை நம்பி லண்டனுக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறவர், அந்த அறைக்குள்ளும் அவளை நம்பலாம்.

வகுப்பு பாதி என்றால் ஊர் பாதி. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அந்தக் கல்லூரியிலிருந்து நடக்கிற தூரம்தான். அனுமதி இலவசம். நேஷனல் கேலரி, டேட் ஆகிய ஓவியக் கூடங்களிலும் அப்படியே. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அச்சோவியம், கோட்டோவியங்களுக்கென்று தனி வாசிப்பறை உண்டு. முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கினால், கேட்ட மூல ஓவியத்தை எடுத்து வந்து முன்னால் வைப்பார்கள். பேனாவைத் தொடக் கூடாது, பென்சில் மட்டும். டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள்: மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் நான்கு பெரியவர்கள். இந்தியாவுக்கு வந்தேயிராத அந்த மனிதர், ஆம்ஸ்டர்டாமில் இருந்துகொண்டு, கையில் கிடைத்த முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து இருபதுக்கும் மேற்பட்ட கோட்டோவியங்கள் வரைந்தார். அவற்றில் ஒன்று இது. ஐம்பது வயதில், பெரும் பெயர் வாங்கிய பிறகு, நம் ஊர்ப் படத்தைப் பார்த்து எழுதிப் பழகியிருக்கிறார்.

அதே கட்டடத்தில், ஆந்திராவின் அமராவதியில் இருந்த பழைய பௌத்தத் தூபியின் சிற்பங்களும் இருக்கின்றன. 1845இல் வால்ட்டர் எலியட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பிய கற்கள் அவை. 1859இல் கப்பலேற்றி லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். அமராவதியின் இன்னொரு பெருந்தொகுப்பு நம் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லண்டனுக்குப் போவதற்கு முன்னால் உங்கள் மகள் எழும்பூருக்குப் போக வேண்டும். ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலையில் சென்னை. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று விடுமுறை. மதம் பிடித்த நளகிரி யானையைப் புத்தர் அடக்குகிற வட்டச் சிற்பம் அங்கே இருக்கிறது. ஓடுகிறவர்கள், பயந்து பக்கத்திலிருப்பவரைப் பற்றிக்கொள்கிறவர்கள், மாடத்திலிருந்து எட்டிப் பார்ப்பவர்கள் என்று ஒரு தெருவே அந்தச் சின்ன வட்டத்துக்குள் அடங்கியிருக்கிறது. ஒரு நாள் முழுக்க அதை மட்டும் வரையட்டும். இந்தக் கூட்டத்தைக் கையால் அறிந்துகொண்டு போகிறவளுக்கு, லண்டனில் மற்றக் கற்களின் முன்னால் நிற்கும்போது எதைத் தேட வேண்டும் என்று தெரியும்.

மற்ற நாட்களுக்கு ஈரோடே போதும். மஞ்சள் மார்க்கெட்டுக்குக் காலையில் போகச் சொல்லுங்கள். மூட்டை சுமக்கிறவர் லாரியிலிருந்து முதுகில் வாங்கித் திரும்புகிற அந்த நொடியில் எடை எந்தக் காலில் இருக்கிறது? அவர் நிற்க மாட்டார், இரண்டு நிமிடம்கூடத் தர மாட்டார். நல்லதுதான். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஓர் ஓரமாக நின்று, கரித்துண்டால் வரையட்டும். ரப்பர் கூடாது.

பெரிய நோட்டுகள் பத்து. அடுத்த தைப் பொங்கலுக்குள் அவை நிறைந்துவிட்டால் அந்த வாரமே வகுப்புக்கு விண்ணப்பத்தைப் போடுங்கள், யோசிக்க வேண்டாம். நிறையவில்லையென்றால் 4 லட்சம் மிச்சம், அதற்காக அவளைத் திட்டாதீர்கள். பத்தாவது நோட்டு முடிந்ததும், முதல் நோட்டின் முதல் பக்கத்தையும் கடைசி நோட்டின் கடைசிப் பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பார்க்கக் காத்திருக்கிறேன்.