காற்று எந்தப் பக்கம்? விமானம் பார்ப்பவர்களுக்கான கேள்வி பதில்

கேள்வி: பேரனுக்கு ஏழு வயது, விமானம் என்றால் உயிர். ஏர்போர்ட்டுக்குள் டிக்கெட் இல்லாமல் போக முடியாது, வெளியே நின்றால் ஒரு வால்கூடத் தெரியவில்லை. எங்கே கூட்டிப்போகலாம்?
(நங்கநல்லூர் வாசகர்)

பதில்: நங்கநல்லூரில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? பரங்கிமலை பக்கத்தில்தானே இருக்கிறது! மேலே ஏறி தென்மேற்கே பார்த்தால் ஓடுபாதை அப்படியே விரிந்து கிடக்கும். மலை சுமார் 300 அடி உயரம், அதன் தெற்குப் பக்கமாகத்தான் நகரத்தின் மேலே வரும் விமானங்கள் தரையிறங்கப் போகின்றன, அதனால் அண்ணாந்து பார்க்க வேண்டியதே இல்லை, கண் மட்டத்தில், சில சமயம் அதற்கும் கீழே, விமானத்தின் முதுகைப் பார்க்கலாம். சென்னையில் எல்லா இடத்திலும் இது கிடைக்காது.

காலையில் போங்கள். மாலையில் சூரியன் நேரே முகத்தில் அடிக்கும். பேரனுக்குத் தெம்பு இருந்தால் படி வழியாக ஏறுங்கள் (18-ஆம் நூற்றாண்டில் பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர் கட்டிக்கொடுத்த படிகள் அவை), மூட்டுவலி என்றால் வண்டி போகும் ரோடும் இருக்கிறது. மலை உச்சியில் இருப்பது மாதா கோயில் என்பதை மட்டும் மறக்க வேண்டாம், பூசை நேரத்தில் பையன் "தாத்தா, ஏர்பஸ்!" என்று கத்தாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு மேலே சில மாதங்கள் விமானம் தாழ்வாக இறங்குகிறது, சில மாதங்கள் பெரும் சத்தத்தோடு ஏறுகிறது. வழியை மாற்றிக்கொண்டே இருப்பார்களா?
(பம்மல் வாசகி)

பதில்: மாற்றுவது காற்று. விமானம் இறங்குவதும் ஏறுவதும் எதிர்காற்றில்தான். எதிரே காற்று வீசினால் தரையைப் பொறுத்த வேகம் குறையும், குறைந்த தூரத்தில் நிற்கலாம், குறைந்த தூரத்திலேயே எழும்பவும் செய்யலாம்.

சென்னையின் முக்கிய ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஒரு முனையில் 07 என்று எழுதியிருக்கும், மறுமுனையில் 25. திசைகாட்டியில் 70 டிகிரி, 250 டிகிரி என்பதன் சுருக்கம் அது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது விமானங்கள் கடல் பக்கமிருந்து பட்டினப்பாக்கம், கோட்டூர்புரம், கிண்டி என்று நகரத்தின் மேலே வந்து இறங்கி, உங்கள் பம்மல் பக்கமாக ஏறிப் போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எல்லாம் தலைகீழ், இறங்குவது உங்கள் மொட்டை மாடிக்கு மேலே. கோடையில் இன்னொரு வேடிக்கை உண்டு: காலையில் ஒரு திசை, மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வந்ததும் எதிர்த்திசை என்று ஒரே நாளில் மாறிவிடும். பத்து நிமிடம் வானம் காலியாக இருந்து, அப்புறம் எதிர்ப்பக்கமிருந்து வரிசையாக வர ஆரம்பித்தால் புரிந்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால் விமானம் பார்ப்பதில் பாதிச் சுவை இதில்தான் இருக்கிறது. கேமரா வாங்குவதற்கு முன்னால் காற்றைப் பார்க்கப் பழகுங்கள்.

கேள்வி: மாடியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. எது ஏர்பஸ், எது போயிங் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(மந்தைவெளி வாசகர்)

பதில்: முதலில் ஒரு கணக்கு. கடைசிக் கட்டத்தில் விமானம் 3 டிகிரி சரிவில் இறங்கும், அதாவது ஓடுபாதையிலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 50 மீட்டர் உயரம். மந்தைவெளி ஏறக்குறைய பத்து கிலோமீட்டர், ஆக உங்கள் தலைக்கு மேலே 500 மீட்டர். சாதாரண பைனாகுலர் போதும்.

அதிகம் வருவது ஏர்பஸ் ஏ320 குடும்பம். அதையும் போயிங் 737-ஐயும்தான் எல்லோரும் குழப்பிக்கொள்வார்கள். புறப்பட்டுப் போகும்போது அடிவயிற்றைப் பாருங்கள்: 737-க்குப் பிரதான சக்கரங்களை முழுசாக மூடும் கதவு கிடையாது, மடங்கிய பிறகும் இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரியும். ஏ320-ல் வயிறு மூடிக்கொள்ளும். இன்ஜினின் பின்விளிம்பு ரம்பப்பல் மாதிரி இருந்து விமானமும் பெரிதாக இருந்தால் போயிங் 787. காக்பிட் ஜன்னலைச் சுற்றிக் கறுப்புக் கண்ணாடி மாட்டியது போல இருந்தால் ஏர்பஸ் ஏ350. அந்தக் கறுப்பு இல்லாமல், சக்கரத்தை இறக்கி வரும்போது பக்கத்துக்கு ஆறு என்றால் போயிங் 777. இறக்கை உடம்புக்கு மேலே இருந்து புரொப்பெல்லர் சுற்றினால் பெரும்பாலும் ஏடிஆர் என்ற சின்ன விமானம்தான்.

சந்தேகம் வந்தால் ஃபிளைட்ரேடார்24 செயலி இருக்கிறது. விமானமே தன் இருப்பிடத்தை 1090 மெகாஹெர்ட்ஸில் சொல்லிக்கொண்டு பறக்கிறது, ஆர்வலர்கள் வீட்டு மாடியில் ஆன்டெனா வைத்து அதைப் பிடித்து அனுப்புகிறார்கள். ஆனால் முதலில் நீங்களே ஊகித்துவிட்டு அப்புறம் போனைப் பாருங்கள்.

கேள்வி: பெரிய லென்ஸோடு படம் எடுத்தால் பிரச்சினை வருமா?
(குரோம்பேட்டை கல்லூரி மாணவர்)

பதில்: வரலாம். 1937-ஆம் ஆண்டு விமான விதிகளில் 13-வது விதி, விமான நிலையத்தில் எழுத்துபூர்வ அனுமதியில்லாமல் படம் எடுப்பதற்குத் தடை போடுகிறது. வெளியே நின்றாலும் சுற்றுச்சுவர் ஓரமாகக் கேமராவோடு சுற்றாதீர்கள், பரங்கிமலையைச் சுற்றி ராணுவ இடங்களும் இருக்கின்றன, அந்தப் பக்கம் லென்ஸைத் திருப்பவே வேண்டாம். போலீஸ் கேட்டால் அடையாள அட்டையைக் காட்டி, எடுத்த படங்களையும் காட்டுங்கள். போகச் சொன்னால் போய்விடுங்கள், அங்கே நின்று சட்டம் பேசி ஜெயித்தவர் யாருமில்லை. ட்ரோன், லேசர் விளக்கு இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இறங்கும் நேரத்தில் பைலட் கண்ணில் லேசர் அடிப்பது விளையாட்டு இல்லை, குற்றம்.

கேள்வி: தரையைத் தொடப்போன விமானம் திடீரென்று மேலே ஏறிவிட்டது. மாமியார் சாமி கும்பிடவே ஆரம்பித்துவிட்டார். ஆபத்தா?
(பொழிச்சலூர் வாசகி)

பதில்: இல்லை, ஆபத்தைத் தவிர்த்தது அது. 'கோ அரவுண்ட்' என்பார்கள். காற்று சரியில்லை, முன்னால் இறங்கிய விமானம் இன்னும் ஓடுபாதையில் நிற்கிறது, இப்படி எது இருந்தாலும் பைலட் மேலே போய் ஒரு சுற்று சுற்றி வருவார். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் அன்று இங்கே ஆடி ஆடி வந்த ஒரு விமானம் அப்படித்தான் மேலே ஏறியது, அந்த வீடியோவை ஊரே பார்த்தது. மாமியாரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பெரிய விமானங்கள் எப்போது வரும்?
(ஆலந்தூர் வாசகர்)

பதில்: தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தயாரா? ஐரோப்பாவிலிருந்து காலையில் கிளம்புவது இங்கே வந்து சேர நள்ளிரவாகிவிடும், திரும்பிப் போகும்போது அங்கே காலை இணைப்பு விமானங்களைப் பிடிக்க வசதியாக விடியும் முன்பே கிளம்பிவிடும். ஆக அகல உடல் விமானங்களின் (உள்ளே இரண்டு நடைபாதை உள்ள பெரிய விமானங்கள்) பெரிய கூட்டம் நடுராத்திரிக்கும் விடியலுக்கும் நடுவில். 2022 ஜூலையில் திமிங்கிலம் போன்ற ஏர்பஸ் பெலூகா சரக்கு விமானம் எரிபொருள் நிரப்ப இங்கே வந்து போனதே, அந்த மாதிரி விருந்தாளிகளுக்கு நேரம் காலம் கிடையாது, செயலியில் அறிவிப்பு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.