சனிக்கிழமை வர்ற அக்கா: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு சின்ன கட்டம் போட்டுக் கேட்டிருந்தோம், ஹோம்ல, அதாவது பிள்ளைங்க காப்பகத்துல இருக்குற பசங்களுக்கோ தெருவுல இருக்குற பசங்களுக்கோ மென்டாரா, அண்ணனா அக்காவா போய்ட்டு வர்றவங்க உங்க சந்தேகத்தை எழுதுங்கன்னு. இவ்ளோ வரும்னு நினைக்கல. பதினாறு வருஷமா இந்த வேலைல இருக்கேன், எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். ஆளு அடையாளம் தெரியாத மாதிரி விவரங்களைக் கொஞ்சம் மாத்தியிருக்கு.

கேள்வி: மேடம், நான் ஐடி கம்பெனில இருக்கேன், வயசு 27. மாசம் ரெண்டு சனிக்கிழமை ஒரு ஹோமுக்குப் போறேன், எட்டாவது படிக்கிற ஒரு பையனுக்கு நான் மென்டார். அஞ்சு மாசம் ஆச்சு, எது கேட்டாலும் "ம்", "ஒண்ணுமில்லக்கா", அவ்ளோதான். கூட வர்ற மத்த வாலன்டியர்ஸைப் பாத்தா பசங்க ஓடி வந்து கட்டிப்பிடிக்கிறாங்க. என்னால இவனுக்குப் பிரயோஜனமே இல்லையோன்னு தோணுது, வேற ஆளுக்கு மாத்திவிடச் சொல்லவா?
- வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: வேண்டாம்மா, மாத்தச் சொல்லாதீங்க. அந்தப் பையன் இடத்துல நின்னு கொஞ்சம் பாருங்க. ஞாயித்துக்கிழமை ஆனா யாராச்சும் பிறந்தநாள்னு கேக் எடுத்துட்டு வருவாங்க, பிரியாணி போடுவாங்க, கூட நின்னு போட்டோ எடுப்பாங்க, போகும்போது "அடுத்த மாசம் வர்றேன்டா செல்லம்"னு கன்னத்தைக் கிள்ளிட்டுப் போவாங்க, அப்புறம் வரவே மாட்டாங்க. எட்டாவது வர்றதுக்குள்ள அவன் இப்படி எத்தனை பேரைப் பாத்திருப்பான். நீங்களும் அப்படித்தான் போவீங்கன்னு நினைச்சு, வாயைத் திறக்காம, அடுத்த தடவை வர்றீங்களா இல்லையான்னு மட்டும் கவனிச்சுட்டு இருக்கலாம். ஓடி வந்து கட்டிப்பிடிச்சா உடனே நெருக்கம்னு எடுத்துக்காதீங்க, யார் வந்தாலும் கட்டிப்பிடிச்சே பழகின பசங்களும் இருக்காங்க.

ஒண்ணு மட்டும் கேக்குறேன், நீங்க வர்ற சனிக்கிழமை அவனா கீழ இறங்கி வர்றானா? வர்றான்னா உங்களை அவன் எதிர்பாக்குறான். எதிர்ல உக்காந்து "ஸ்கூல் எப்படிப் போகுது, மார்க் எவ்ளோ"ன்னு கேட்டா பெரியவங்களுக்கே பேச்சு வராது. பக்கத்துல உக்காந்து கையால ஏதாவது செய்ற மாதிரி எடுத்துட்டுப் போங்க, கேரம் ஆடலாம், ஓடாத கடிகாரத்தைப் பிரிச்சு மாட்டலாம், ஒரு படி வேர்க்கடலை வாங்கிட்டுப் போய் உரிக்கலாம். ஒரு பையன் எட்டு மாசம் கழிச்சு என்கிட்ட முதல் தடவையா அவங்க அம்மாவைப் பத்திச் சொன்னது கடலை உரிச்சிட்டு இருக்கும்போதுதான், தலையைத் தூக்கவே இல்ல, தோலைப் பாத்துட்டே சொன்னான்.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க. அமெரிக்காவுல பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்னு ஒரு பெரிய அமைப்பு இருக்கு, நியூயார்க் சிறுவர் கோர்ட்ல கிளார்க்கா இருந்த எர்னஸ்ட் கோல்ட்டர், கேஸ்ல மாட்டி வர்ற பசங்களுக்கு ஆளுக்கு ஒரு அண்ணன் மாதிரி துணை வேணும்னு 1904ல ஆரம்பிச்சு வெச்ச வேலைதான் இன்னிக்கு அவ்ளோ பெருசா ஆயிருக்கு. அங்க 10ல இருந்து 16 வயசு வரைக்கும் உள்ள 959 பசங்களை வெச்சு 18 மாசம் பாத்து 1995ல ஒரு ஆய்வு வந்துச்சு, வெயிட்டிங் லிஸ்ட்ல நின்ன பசங்களை விட மென்டார் கிடைச்ச பசங்க ஸ்கூலுக்கு மட்டம் போட்ட நாள் பாதிதான், புதுசா போதைப் பழக்கத்துல விழுறதும் 46 சதவீதம் கம்மி. இதை எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ்னு ரெண்டு பேர் அதே விவரத்தை எடுத்து, உறவு எத்தனை மாசம் நீடிச்சுதுன்னு பிரிச்சுப் பாத்து 2002ல எழுதினாங்க. ஒரு வருஷத்துக்கு மேல போனவங்களுக்குத்தான் அதிக பலன். மூணு மாசத்துக்குள்ள அறுந்து போன பசங்க தன்னைப் பத்தி நினைக்கிறதே முன்ன இருந்ததை விடக் கீழ போயிருந்துச்சு. போகாமலே இருந்திருக்கலாம்ங்குற நிலைமை. அதனால அஞ்சு மாசத்துல நிக்காதீங்கம்மா, ப்ளீஸ்.

கேள்வி: நான் சொல்லிக்குடுக்குற பையன் பத்தாவது, அப்பா இல்ல, அம்மா வீட்டு வேலைக்குப் போறாங்க. "அண்ணா ஒரு போன் மட்டும் வாங்கிக் குடுங்க, எல்லா நோட்ஸும் வாட்ஸ்அப்லதான் வருது"ங்குறான். என்னால வாங்க முடியும். வாங்கலாமா?
- வாசகர், கோவை

பதில்: உங்க கையால குடுக்காதீங்க தம்பி. "பாக்கலாம்டா"ன்னு இழுக்கவும் செய்யாதீங்க, அவன் தினமும் எதிர்பாப்பான். தேவை உண்மைன்னா அவங்க அம்மாகிட்ட பேசுங்க, அமைப்பு மூலமா போனீங்கன்னா கோஆர்டினேட்டர்கிட்ட சொல்லுங்க, பழைய போன் ஒண்ணு வீட்டுக்குப் பொதுவா அம்மா கையில போய்ச் சேர்ற மாதிரி அவங்க ஏற்பாடு பண்ணட்டும். காசு குடுத்த அண்ணன்கிட்ட பையனால கோவப்பட முடியாது, "இன்னிக்குப் படிக்கப் பிடிக்கல"ன்னு சொல்ல முடியாது, மார்க் குறைஞ்சா உங்களுக்குப் பயந்து மறைப்பான். அந்த உரிமை அவன்கிட்ட இருக்கட்டும்.

கேள்வி: என் பையனுக்கு ஒரு டிரஸ்ட் மூலமா ஒரு தம்பி வாராவாரம் வந்து பாடம் சொல்லித்தர்றாரு. நல்ல பையன், குறை சொல்ல மாட்டேன். ஆனா இப்போ எதுக்கெடுத்தாலும் "அண்ணா இப்படிச் சொன்னாரு, உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா"ங்குறான். நான் மில்லுக்குப் போய் ஒத்தையா நின்னு வளர்த்த பிள்ளைங்க. மனசு வலிக்குது, இதைச் சொன்னா தப்பா நினைப்பாங்களோ?
- ஒரு அம்மா, திண்டுக்கல் பக்கம்

பதில்: ஒரு தப்பும் இல்லம்மா, நீங்க எழுதினதுக்கு நன்றி. இந்தக் கடிதத்தை வாலன்டியரா போற ஒவ்வொருத்தரும் படிக்கணும். அந்தத் தம்பி அடுத்த வாரம் வரும்போது, வேலைக்குக் கிளம்புற அவசரத்துல வேண்டாம், ஒரு டீ போட்டுக் குடுத்து உக்கார வெச்சுப் பேசுங்க. "தம்பி, வீட்டுல நான் போட்ட விதி இது இதுன்னு இருக்கு, அவன் உங்க பேச்சைக் கேக்குறான், அதனால நீங்களும் அம்மாகிட்ட கேளுடான்னு சொல்லுங்க"ன்னு நேரா சொல்லுங்க. நல்ல மென்டார்னா உடனே புரிஞ்சுக்குவாரு.

மென்டாரா போறவங்களுக்கும் சேர்த்தே சொல்றேன், பையனோட வீட்டுக்குள்ள போகும்போது முதல்ல அம்மாவைத் தேடி வணக்கம் சொல்லுங்க, டூர் கூட்டிட்டுப் போறதா இருந்தாலும் புக் வாங்குறதா இருந்தாலும் பையன்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கேளுங்க, பையன் எதிர்ல அவங்க படிப்பையோ வீட்டையோ பத்தி ஒரு வார்த்தை தாழ்வா வரக்கூடாது. வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் நீங்க இருக்கீங்க, மீதி அத்தனை மணி நேரமும் அந்த அம்மாதான்.

கேள்வி: மேடம், நான் பாத்துக்குற பொண்ணுக்கு 12 வயசு. போன வாரம் அழுதுட்டே, சொந்தக்காரர் ஒருத்தர் தப்பா தொடுறார்னு சொன்னா. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. நானும் பண்ணிட்டேன். தூக்கமே வரல.
- பெயர் வேண்டாம்

பதில்: இந்தப் பதிலை இதழ் வர்ற வரைக்கும் வெச்சிருக்கல, அன்னிக்கே இவங்களுக்கு அனுப்பிட்டோம். இதே நிலைமைல இன்னொருத்தர் இருக்கலாம்னுதான் இங்கயும் போடுறோம்.

அந்தச் சத்தியத்தைக் காப்பாத்தக் கூடாதும்மா. பிள்ளைங்களைப் பாலியல் கொடுமைல இருந்து காக்குற போக்சோ சட்டம் 2012, பிரிவு 19 படி இப்படி ஒரு விஷயம் தெரிஞ்ச யாரா இருந்தாலும் போலீஸுக்கோ சிறார் போலீஸ் பிரிவுக்கோ சொல்லியே ஆகணும், சொல்லாம விட்டா பிரிவு 21ல ஆறு மாசம் வரைக்கும் தண்டனை இருக்கு, நல்லெண்ணத்தோட சொன்னவங்க மேல அதுக்காக வழக்கு வராது. பிள்ளைங்களுக்கான உதவி நம்பர் 1098க்கு போன் பண்ணுங்க, இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, அடுத்து என்ன செய்யணும்னு வழி சொல்லுவாங்க. அமைப்போட பொறுப்பாளர்கிட்டயும் அன்னிக்கே சொல்லுங்க, ஆனா அவர் "விசாரிச்சுட்டுப் பாக்கலாம்"னு சொன்னா காத்திருக்காதீங்க.

பொண்ணுகிட்ட மறைச்சும் செய்யாதீங்க. "நீ சொன்னதை நான் நம்புறேன், உன் மேல ஒரு தப்பும் இல்ல, இதை நிறுத்தக்கூடியவங்ககிட்ட நான் சொல்லப்போறேன், சொன்னதுக்கப்புறமும் உன் கூடத்தான் இருப்பேன்"னு சொல்லுங்க. எங்க, எப்படி, எத்தனை தடவைன்னு நீங்க துருவிக் கேக்க வேண்டாம், அதைக் கேக்கப் பயிற்சி எடுத்தவங்க இருக்காங்க. அவ சொன்ன வார்த்தையை அப்படியே தேதி போட்டு எழுதி வையுங்க. அந்த ஆளுகிட்ட போய்ச் சண்டை போடாதீங்க, வாலன்டியர் குரூப்ல ஒரு வரி கூடப் போடாதீங்க. இனிமே எந்தப் பிள்ளைகிட்டயும் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு முதல்லயே வாக்கு குடுக்காதீங்க, "உனக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன்"னு ஆரம்பத்துலயே சொல்லி வெச்சிடுங்க.

கேள்வி: நான் இல்லம் தேடிக் கல்வியில தன்னார்வலரா இருந்தேன். எங்க சென்டர் நின்னு போச்சு, ஆனா ஒரு பொண்ணு மட்டும் இன்னமும் சாயங்காலம் எங்க வீட்டுத் திண்ணைக்கு வந்து உக்காந்து படிக்கிறா. இப்போ பத்தாவது, நர்ஸ் ஆகணும்ங்குறா. அப்பா அம்மா செங்கல் சூளைக்குப் போறவங்க. எனக்கே பன்னெண்டாவதுதான் படிப்பு, நான் எப்படி வழிகாட்டுறது?
- வாசகி, திண்டிவனம் பக்கம்

பதில்: உங்க கடிதத்தைப் படிச்சு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சும்மா. கொரோனாவுல ஸ்கூல் மூடிக்கிடந்த நஷ்டத்தை ஈடு கட்டணும்னு 2021 அக்டோபர்ல உங்க விழுப்புரம் மாவட்டத்துலதான் இல்லம் தேடிக் கல்வியை ஆரம்பிச்சு வெச்சாங்க, மாசம் 1000 ரூபா ஊக்கத்தொகைக்கு தினமும் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் உக்காந்து சொல்லிக்குடுத்தவங்க நீங்க எல்லாம். சென்டர் நின்னாலும் அந்தப் பொண்ணு உங்க திண்ணைக்கு வர்றான்னா அவ உங்களைத் தேடித்தான் வர்றா.

உங்க படிப்பு போதும். அவளுக்கு இப்போ வேண்டியது தேதியையும் காகிதத்தையும் ஞாபகம் வெச்சுக்கிற ஒரு ஆளு. நர்சிங்னா பதினொண்ணாவதுல இயற்பியல், வேதியியல், உயிரியல் இருக்குற குரூப் எடுக்கணும், பத்தாவது ரிசல்ட் வந்த உடனே அந்த குரூப் எந்த அரசுப் பள்ளியில இருக்குன்னு விசாரிச்சு வையுங்க. யாராச்சும் நல்லெண்ணத்துல "பிரைவேட்ல சேர்த்துவிடுறேன்"னு வந்தா யோசிங்க, 6ல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியிலயே படிச்ச பொண்ணுங்க காலேஜ் சேர்ந்தா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வருது, நடுவுல தனியாருக்கு மாறினா அது போயிடலாம். சாதிச் சான்று, வருமானச் சான்று, வீட்டுல யாரும் டிகிரி படிக்கலைன்னா முதல் பட்டதாரி சான்று, இதெல்லாம் இ-சேவை மையத்துல போடுறது. கடைசி நேரத்துல ஓடினா சூளைல ஒரு நாள் கூலி போகும், அதனால ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே அவ அம்மாவோட ஒரு நாள் போய்ட்டு வந்துடுங்க.

அப்புறம் உங்க ஊர் கிராம செவிலியர்கிட்ட அவளை ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க. அவங்க என்ன படிச்சாங்க, எங்க படிச்சாங்க, நைட் டூட்டி எப்படி இருக்கும்னு அவளே கேக்கட்டும்.

கேள்வி: நாங்க ஒரு சின்ன குரூப். ஜூன்ல 20 பேர் மென்டாரா சேர்ந்தாங்க, செப்டம்பர்ல 9 பேர்தான் வர்றாங்க. கோஆர்டினேட்டரா நான் என்ன தப்பு பண்றேன்?
- வாசகர், மதுரை

பதில்: முதல் மூணு மாசம் எத்தனை தடவை அவங்களுக்கு போன் பண்ணீங்க? அட்டெண்டன்ஸ் கேக்க இல்ல, "எப்படிப் போச்சு, என்ன பேசினான்"னு கேக்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது பேசணும். நிறைய பேர் அக்கறை இல்லாம நிக்கறதில்ல, பையன் பேசலன்னா தனக்கு இந்த வேலை வரலன்னு நினைச்சு வெக்கப்பட்டு நிக்கிறாங்க, முதல் கடிதத்துல அந்தப் பொண்ணு எழுதினதைப் பாருங்க, அவங்க நம்மகிட்ட எழுதியிருக்கக்கூடாது, அவங்க கோஆர்டினேட்டர்கிட்ட சொல்லியிருக்கணும். மாசம் ஒரு நாள் எல்லாரையும் டீயோட உக்கார வைங்க, முடியலன்னு சொல்ல அங்க இடம் இருக்கட்டும்.

சேர்க்கும்போதே ஒரு கல்வியாண்டு, ஜூன்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் முடியுமான்னு கேளுங்க, முடியாதவங்களுக்கு ஒரு நாள் வேலை ஏதாவது குடுங்க, அவங்களும் நல்லவங்கதான். வீடு எங்கன்னு பாருங்க, ரெண்டு பஸ் மாறி வர்றவர் மழைக்காலம் வந்தா நின்னுடுவாரு. யாரு என்னன்னு ரெண்டு பேர்கிட்ட விசாரிக்காம ஒருத்தரையும் பசங்ககிட்ட விடாதீங்க, கதவு சாத்தின ரூம்ல தனியா உக்காரக்கூடாதுங்குற விதி எல்லாருக்கும், உங்களுக்கும்தான்.

கேள்வி: ரெண்டு வருஷமா ஒரு பையனுக்கு மென்டாரா இருக்கேன். அடுத்த மாசம் புனேவுக்கு டிரான்ஸ்ஃபர். அவன்கிட்ட சொல்ல தைரியம் வரல, கடைசி நாள் சொல்லிக்கலாமா, இல்ல சொல்லாமலே போய் போன்ல பேசிக்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: இன்னிக்கே சொல்லிடுங்க தம்பி. காலேஜ் படிக்கும்போது ஒரு ஹோமுக்கு ஞாயித்துக்கிழமை போய்ட்டு இருந்தேன், ஒரு சின்னப் பொண்ணு, நாலாவது. செமஸ்டர் வந்துச்சு, அப்புறம் வீட்டுல கல்யாணம், நாலு மாசத்துல நின்னுட்டேன், ஒரு வார்த்தை சொல்லல. பல மாசம் கழிச்சு அங்க வேலை பாத்த அம்மாவைப் பஸ்ல பாத்தேன், அவ ரொம்ப நாள் ஞாயித்துக்கிழமை குளிச்சு தலை பின்னிட்டு வாசல் கேட் பக்கத்துல வந்து நிப்பான்னு சொன்னாங்க. இன்னிக்கு வரைக்கும் அது என் மனசுல இருக்கு.

ஒரு மாசம் இருக்குல்ல, நாலு சந்திப்பு. காலண்டர் எடுத்துட்டுப் போய் அவன் கையாலயே நாலு தேதியையும் வட்டம் போடச் சொல்லுங்க. ஏன் போறீங்கன்னு உண்மையான காரணத்தைச் சொல்லுங்க, இல்லன்னா தான் ஏதோ தப்பு பண்ணினதாலதான்னு அவன் நினைச்சுக்குவான். அவன்கிட்ட நீங்க கத்துக்கிட்டது என்னன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க, பசங்க அதை வருஷக்கணக்கா டிரங்குப் பெட்டில வெச்சிருப்பாங்க. போன் பண்றேன்னு சொல்றதா இருந்தா எது முடியுமோ அதை மட்டும் சொல்லுங்க, மாசத்துல முதல் ஞாயிறு சாயங்காலம் ஆறு மணின்னா அது ஆறு மணிதான். அடுத்து வரப்போறவரை மூணாவது சந்திப்புலயே கூட்டிட்டுப் போய் மூணு பேரா உக்காருங்க.

அவன் கோவப்படுவான். ரெண்டாவது வாரம் பேச மாட்டான், கடைசி வாரம் தலைவலின்னு சொல்லி வராமலும் இருக்கலாம், அப்படிப் பல தடவை பாத்திருக்கேன். கூப்பிட்டு வம்பு பண்ணாதீங்க, "அவன் வரலையே"ன்னு சீக்கிரம் கிளம்பியும் வந்துடாதீங்க. எப்பவும் உக்கார்ற இடத்துலயே, எப்பவும் இருக்குற நேரம் முழுக்க உக்காந்திருந்துட்டு வாங்க, அவன் மாடில இருந்து பாத்துட்டுதான் இருப்பான்.