டிக்கெட் மலிவு, பயணம் மலிவா?

கேள்வி: நானும் கணவரும் 4 இரவுகள் ஒரு வெளிநாட்டு நகரத்துக்குப் போய்வர நினைக்கிறோம். இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். விசா எடுக்க வேண்டும், இன்னும் எடுக்கவில்லை. இதற்கென்று சேர்த்த பணத்தை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், சலுகையில் இருவருக்கும் போகவர டிக்கெட் 38 பங்குக்குக் கிடைக்கிறது. வியாழன் இரவு 11.40-க்குப் போய் இறங்கும். திரும்பும் விமானம் திங்கள் காலை 6.10-க்கு. ரத்து செய்தால் பணம் திரும்பாது. சலுகை முடிய இரண்டு நாள்தான் இருக்கிறது. மீதி 62 பங்கில் சமாளிக்கலாம், போதாததைக் கிரெடிட் கார்டில் இ.எம்.ஐ. ஆக்கிக்கொள்ளலாம் என்கிறார் கணவர். டிக்கெட்டை எடுத்துவிடலாமா?

பதில்: இந்த டிக்கெட்டை எடுக்க வேண்டாம். பயணத்தைக் கைவிடவும் வேண்டாம். உங்கள் 100 பங்கு, கொஞ்சம் வரிசை மாற்றினால், கிட்டத்தட்டப் போதுமானதுதான்.

முதலில் டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் பாருங்கள். 4 இரவு என்றால் 5 நாள் என்று மனம் கணக்குப் போடும். ஆனால் வியாழன் நள்ளிரவை ஒட்டி இறங்கி, திங்கள் விடியும்முன் கிளம்பினால், நகரத்தில் உங்களுக்குக் கிடைப்பது வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்றே நாள். அறைக்கு நான்கு இரவு வாடகை. 11.40-க்கு இறங்கிக் குடிவரவுச் சோதனை முடித்து வெளியே வர ஒரு மணி நேரமாவது ஆகும். பல நகரங்களில் அதற்குள் ரயில் நின்றுவிடும்; டாக்ஸிதான். காலை 6.10 விமானத்துக்கு 3.30 வாக்கில் விமான நிலையத்தில் நிற்க வேண்டும்; மறுபடியும் டாக்ஸி.

இதைப் பங்கில் போட்டுப் பார்ப்போம். இருவருக்கான அறை ஓர் இரவுக்கு 6 பங்கு, டாக்ஸி ஒரு தடவைக்கு 3, அதே தூரத்துக்கு ரயிலில் இருவருக்கும் 1, லக்கேஜ் கட்டணம் 3, விசாவும் காப்பீடும் சேர்த்து 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். சலுகை டிக்கெட்டில் 38 + 3 + 24 + 6 + 9, ஆக 80. அடுத்து, வியாழன் காலை 9 மணிக்கு இறங்கி ஞாயிறு இரவு 9 மணிக்குக் கிளம்பும் டிக்கெட் 44 பங்கு என்று கொள்வோம். 6 பங்கு அதிகம். ஆனால் அறை மூன்று இரவுதான், போகவர ரயில் ஓடும். 44 + 3 + 18 + 2 + 9, ஆக 76. விலை கூடிய டிக்கெட்டில் மொத்தச் செலவு 4 பங்கு குறைகிறது, நகரத்தில் நான்கு நாளும் கிடைக்கிறது. உங்கள் நகரத்தின் உண்மையான விலைகளை இதே கட்டங்களில் போட்டுப் பாருங்கள். எண்கள் மாறலாம், ஆனால் டிக்கெட் விலையை மட்டும் ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

காலை 9 மணிக்கு இறங்கினால் அறை மதியம் 2 அல்லது 3 மணிக்குத்தான் கிடைக்கும். பெரும்பாலான ஹோட்டல்கள் பையை வாங்கி வைத்துக்கொள்ளும், கடைசி நாள் அறையைக் காலி செய்த பிறகும் அப்படியே. ஆளில்லா வரவேற்பறை உள்ள இடங்களிலும் வாடகை வீடுகளிலும் இந்த வசதி இருக்காது. முன்பதிவுக்கு முன் எழுதிக் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த விமான நிலையம் என்பதையும் பாருங்கள். பாரிஸ் என்று விற்கப்படும் போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கும் மேல். பிராங்க்ஃபர்ட்-ஹான் அந்த நகரத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். அந்தப் பேருந்துக் கட்டணமும், போகவர வீணாகும் நேரமும் டிக்கெட்டோடு சேர வேண்டிய செலவு. மலிவு டிக்கெட்டுகளில் பல, இருக்கைக்கு அடியில் நுழையும் சிறு பையை மட்டுமே அனுமதிக்கும். கேபின் பெட்டிக்குத் தனிப் பணம். அதை ஆன்லைனில் முன்கூட்டியே வாங்கினால் ஒரு விலை, வாயிலில் நிறுத்திக் கேட்டால் பல மடங்கு. சில நிறுவனங்களில் ஆன்லைன் செக்-இன் செய்யாமல் கவுன்டருக்குப் போனாலே கட்டணம் உண்டு.

நகரத்தை இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பயணச் செலவில் இரண்டு பகுதி: டிக்கெட், விசா, காப்பீடு போல எத்தனை நாள் தங்கினாலும் மாறாதது ஒன்று, அறை, சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து போல நாளுக்கு நாள் ஏறுவது மற்றொன்று. ஒரு நகரத்துக்கு மாறாச் செலவு 50, நாளுக்கு 10. இன்னொன்றுக்கு மாறாச் செலவு 30, நாளுக்கு 15. நான்கு நாளில் இரண்டும் 90-தான். மூன்று நாளென்றால் இரண்டாவது மலிவு (75-க்கு எதிராக 80), ஆறு நாளென்றால் முதலாவது மலிவு (110-க்கு எதிராக 120). எனவே குறுகிய பயணத்துக்கு 'விலைவாசி குறைந்த நகரம்' என்ற பேரை நம்பித் தொலைவுக்குப் பறப்பது பெரும்பாலும் நஷ்டம். பக்கத்தில் உள்ள, கொஞ்சம் விலை கூடிய நகரமே லாபம்.

இனி வரிசை. உங்கள் திட்டத்தில் எனக்குப் பெரிய கவலை இதுதான்: விசா கையில் இல்லாமல் பணம் திரும்பாத டிக்கெட். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் என்ற வரிசையை மாற்றாதீர்கள். திரும்பும் தேதிக்குப் பிறகும் பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. வெற்றுப் பக்கங்கள் குறைந்தது இரண்டு இருக்கட்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை உதாரணமாக எடுத்துக்கொண்டால், 2024 ஜூன் முதல் பெரியவர் ஒருவருக்குப் பொதுக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் பணம் திரும்பாது. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், 45 நாள்வரை இழுக்கவும் கூடும். விண்ணப்பத்துக்குப் பயண விவரம் கேட்டால், ரத்து செய்யக்கூடிய முன்பதிவைக் காட்டுங்கள். டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். குடும்பப் பெயர் இல்லாமல் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்கள் அதை எப்படி நிரப்புவது என்று விமான நிறுவனத்திடம் முன்பே கேட்பது நல்லது.

இரண்டு தனித்தனி மலிவு டிக்கெட்டை ஒட்டி ஒரு பயணமாக்கும் யோசனை வந்தால் தவிர்த்துவிடுங்கள். முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை, புது டிக்கெட்தான். இடையில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தால் அதற்கும் விசா கேட்பார்கள். முதல் பயணக்காரர்களை இது விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிடும்.

இப்போது இ.எம்.ஐ. விஷயம். காலை டிக்கெட் கணக்கில் 76 போக 24 மிஞ்சுகிறது. அதில் 10 பங்கை அவசரத்துக்குத் தொடாமல் வைக்க வேண்டும்: நாணய மாற்று விகிதம் ஏறுவது, மருந்து, தவறவிட்ட ரயில் எல்லாம் அதற்குள். மீதி 14, நான்கு நாளுக்கு நாளொன்றுக்கு 3.5. இருவருக்கும் சாப்பாடு, போக்குவரத்து, நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 பங்கு ஆகும் என்றால் 20 வேண்டும், 6 குறைகிறது. சலுகை டிக்கெட்டில் 80-ம் 10-ம் போக மிஞ்சுவது 10, மூன்று நாளுக்கு வேண்டியது 15. அங்கும் 5 குறைகிறது. இந்த 6 பங்கைக் கடனாக வாங்க வேண்டாம். மாதம் 3 பங்கு சேர்த்தால் இரண்டே மாதம். விசா வேலைக்கு எப்படியும் அந்தக் காலம் வேண்டும். 'வட்டியில்லாத் தவணை' என்று வருவதிலும் செயலாக்கக் கட்டணம் இருக்கும், அல்லது மொத்தமாகக் கட்டுபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காது.

இதைவிட முக்கியமான காரணம் வேறு. இ.எம்.ஐ. ஆக்கிய தொகை கார்டின் வரம்பைத் தின்றுவிடும். அந்த வரம்பு உங்களுக்கு வெளிநாட்டில் தேவை. ஹோட்டலில் நுழைந்ததும் பிணைத்தொகையாக ஒரு தொகையைக் கார்டில் முடக்கிவைப்பார்கள். கிளம்பும்போது விடுவித்தாலும் வங்கிக் கணக்கில் சரியாகச் சில நாள் முதல் இரண்டு வாரம்வரை ஆகலாம். டெபிட் கார்டைக் கொடுத்தால் உங்கள் சொந்தப் பணமே முடங்கும். சாப்பாட்டுக்கு வைத்த பணம் அங்கே மாட்டிக்கொள்ளும். எனவே பிணைத்தொகைக்குக் கிரெடிட் கார்டு, வரம்பு காலியாக. பிணைத்தொகை எவ்வளவு என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறை தேடும்போது முதல் திரையில் தெரியும் விலையை நம்பாதீர்கள். வரி, துப்புரவுக் கட்டணம், சுற்றுலா வரி எல்லாம் சேர்ந்த கடைசித் திரை விலைதான் விலை. ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் சுற்றுலா வரி மட்டும் அறை வாடகையில் 12.5 சதவீதம். இத்தாலிய நகரங்கள் பலவற்றில் ஆளுக்கு, இரவுக்கு என்று ஹோட்டலிலேயே தனியாக வாங்குவார்கள். புறநகர் அறை மலிவாகத் தெரிந்தால், இருவரும் தினம் போகவர ஆகும் நான்கு டிக்கெட்டை அதோடு கூட்டிப் பாருங்கள். கடைசி ரயில் நேரத்தையும் பாருங்கள். ஒரு நாள் இரவு டாக்ஸி பிடித்தால் மூன்று நாள் சேமிப்பு போய்விடும்.

பணம் மாற்றுவதில் ஒரு தவறுதான் மிக அதிகமாக நடக்கிறது. கடையில் கார்டு போடும்போது இயந்திரம் 'உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டலாமா, இந்த ஊர்ப் பணத்திலா' என்று கேட்கும். பழகிய எண்ணைப் பார்த்ததும் கை அங்கே போகும். எப்போதும் அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். உங்கள் நாட்டுப் பணத்தைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தைக் கடைக்காரர் தரப்பு நிர்ணயிக்கும், அதில் அவர்களின் லாபம் ஏறியிருக்கும். கடை வெளிநாட்டில் இருப்பதால் சில வங்கிகள் அதன்மேல் தங்கள் கட்டணத்தையும் போடும். ஏ.டி.எம்.மிலும் இதே கேள்வி வரும். 'மாற்றாமல் தொடர்க' என்பதுபோல இருக்கும் பொத்தானை அழுத்துங்கள்.

'கமிஷன் இல்லை' என்று எழுதியிருக்கும் மாற்றுக் கவுன்டரில் கமிஷன் விகிதத்துக்குள் ஒளிந்திருக்கும். வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் சேர்த்துப் பாருங்கள். 106-க்கு விற்று 94-க்கு வாங்கினால், மாற்றிய பணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தாலே சுமார் 11 சதவீதம் போகும். ரொக்கம் முதல் நாள் தேவைக்கு மட்டும் போதும். கிரெடிட் கார்டில் ஏ.டி.எம். பணம் எடுக்க வேண்டாம். கட்டணத்தோடு பெரும்பாலும் எடுத்த அன்றே வட்டியும் ஓடத் தொடங்கும். வெவ்வேறு வங்கிகளின் இரண்டு கார்டு இருக்கட்டும், ஆளுக்கொன்றாக. கிளம்பும்முன் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வரம்பை வையுங்கள். ஓடிபி வரும் சிம்மைக் கழற்றிவிட்டு அங்கே புது சிம் போட்டால் ஆன்லைனில் எதையும் கட்ட முடியாமல் போகும். சொந்த சிம் குறுஞ்செய்திக்கு மட்டும், அதன் டேட்டா அணைந்திருக்க, இணையத்துக்கு இ-சிம் (அட்டை செருகாமல் போனிலேயே பதிவாகும் சிம்).

உள்ளூர்ப் போக்குவரத்தில், லண்டன் போன்ற நகரங்களில் தொட்டுச் செல்லும் வங்கிக் கார்டுக்கே தினசரி உச்சவரம்பு உண்டு. அதற்குமேல் எத்தனை தடவை ஏறினாலும் பணம் போகாது. ஆளுக்கொரு கார்டு வேண்டும். ஏறும்போது கார்டு, இறங்கும்போது அதே கார்டு உள்ள போன் என்று தொட்டால் முடிவடையாத இரண்டு பயணங்களாகக் கணக்காகி அதிகபட்சக் கட்டணம் போகும். எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ் என்று விற்பது, அவசரமில்லாமல் சுற்றுபவர்களுக்குப் பெரும்பாலும் நஷ்டம். நீங்கள் உண்மையில் போகப்போகும் இடங்களின் சீட்டு விலையைக் கூட்டிப் பாருங்கள். லண்டனின் தேசிய அருங்காட்சியகங்களில் நிரந்தரக் காட்சி 2001 டிசம்பர் முதல் இலவசம்; இத்தாலியில் அரசு அருங்காட்சியகங்கள் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். விடுமுறை நாளையும் பாருங்கள், பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. சாப்பாட்டில் மதிய நிர்ணய விலைச் சாப்பாட்டைப் பெரிய வேளையாக்கி, இரவை சூப்பர் மார்க்கெட்டில் முடிப்பது பல நகரங்களில் நன்றாக மிச்சம் பிடிக்கும்.

காப்பீட்டை விமானம் ஏறும் நாளில் வாங்காதீர்கள். பயண ரத்துக்கான பாதுகாப்பு பாலிசி எடுத்த பிறகு நடப்பதற்குத்தான். டிக்கெட் எடுத்ததும் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காமல் எழுதுங்கள். ஒவ்வொரு கோரிக்கையிலும் உங்கள் கையிலிருந்து போகும் தொகை எவ்வளவு என்பதையும் பாருங்கள்.

திரும்பி வந்த பிறகு இரண்டு மாதமாவது கார்டு அறிக்கையை வரி வரியாகப் பாருங்கள். ஹோட்டல் பிணைத்தொகை விடுபட்டதா, ஒரே சீட்டு இரண்டு தடவை கழிந்ததா, ரயில் கட்டணம் அதிகபட்சமாகப் போயிருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். தவறாகக் கழிந்ததை வங்கியில் மறுக்கக் காலக்கெடு உண்டு. ரசீதுகளைப் படமெடுத்து அதுவரை வைத்திருங்கள்.