தேர் வரும் தெருவில் ஒரு தேங்காய்

அன்புள்ள ஐயா,

என் மகள் சீனப் பள்ளியில் படிக்கிறாள். மாண்டரின், மலாய், ஆங்கிலம் மூன்றும் சரளம். தமிழ் பாட்டியோடு மட்டும்தான். உலகம் விரிய விரிய எல்லா இனமும் கலந்து ஒரே அச்சாகிவிடுமோ, நாம் கரைந்துபோவோமோ என்று பயமாக இருக்கிறது. ஒற்றுமைக்கு இதுதான் விலையா?

– வாசகர், ஈப்போ

அன்புள்ள தம்பி,

பயம் எனக்கும் உண்டு. ஆனால் பழியைக் கலப்பின் மேல் போட மனம் வரவில்லை.

தைப்பூசத்துக்கு முந்தைய நாள் பினாங்கில் முருகனின் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக் கோயில் பக்கம் புறப்படும். வழி நெடுகத் தேங்காய்க் குவியல்கள். அவற்றில் பல சீனக் குடும்பங்கள் நேர்ந்துகொண்டு வைத்தவை. போன வருடம் அப்படி ஒரு குவியல் பக்கத்தில் நின்றிருந்தேன். ஒரு சீனப் பாட்டி ஊதுபத்தியை இரு கையாலும் பிடித்து, சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயிலில் செய்வதுபோலவே மூன்று முறை வணங்கினார். அப்புறம் பேரன் கையில் ஒரு தேங்காயைக் கொடுத்தார். பையன் ஓங்கிப் போட்டான். உடையாமல் உருண்டு ஓடியது. நம் ஆள் ஒருவர் ஓடிப்போய் எடுத்துவந்து, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினார். அடுத்த வீச்சில் சிதறியது. பாட்டி சீனராகவே நின்று முருகனைக் கும்பிட்டார். அவரை யாரும் மாறச் சொல்லவில்லை.

சொற்களும் அப்படித்தான். நம் கடை மலாயில் 'கெடாய்' ஆனது, கப்பல் 'காப்பால்' ஆனது. நாமும் சந்தைக்கு என்று சொல்லாமல், மலாய்க்காரர்போல 'பசாரு'க்குத்தான் போகிறோம். இதில் எந்த மொழியும் செத்துவிடவில்லை.

மலாக்கா செட்டிகள் கதை வேறு. சுல்தான்கள் காலத்திலேயே வந்த தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்துகொண்டார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் சைவத்தை விடவில்லை. பொங்கல் வைக்கிறார்கள், முன்னோருக்குப் படையல் போடுகிறார்கள். வீட்டில் பேசுவதோ மலாய். தாய் பேசியது பிள்ளைக்கு வந்தது, அவ்வளவுதான். நினைத்தால் எனக்குப் பெருமையும் வரும், தொண்டையும் அடைக்கும்.

அதனால் உங்கள் மகளின் பள்ளி என்னைக் கலங்கடிக்கவில்லை. 'பாட்டியோடு மட்டும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. நீங்கள் அவளிடம் எந்த மொழியில் பேசுகிறீர்கள்?

வரும் தைப்பூசத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், எங்கள் வீட்டில் தங்கலாம். என்ன வேண்டுதல் என்று தேங்காய் உடைப்பவர்களிடம் அவளே மாண்டரினில் கேட்கட்டும். கேட்டதை உங்களிடம் வந்து தமிழில் சொல்லட்டும்.